மோட்டுவளை மாற்றப் போகிறீர்களா? முதலில் மரக்கடைக்குப் போகாதீர்கள்

ஆனைமலைப் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் மோட்டுவளையை மாற்ற எனக்கு ஐந்து மாதம் ஆனது. முறை தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். நடுவில் ஒரு மரம் வாங்கிப் பாழானது, ஒரு மரம் வழியில் மாட்டிக்கொண்டது, சித்தப்பாவோடு இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நீங்களும் அதே வழியில் போய் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேச்சு ஒன்றாக இருக்க முதலில் நாலு சொல். கூரையின் இரண்டு சரிவும் மேலே சேரும் இடத்தில் நீளவாக்கில் படுத்திருக்கும் உத்தரம்தான் மோட்டுவளை. முகட்டுவளை என்பதும் அதைத்தான். பாலக்காட்டுப் பக்கத்து ஆசாரிகள் மோந்தாயம் என்பார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் சுவரை நோக்கி இறங்குபவை கைமரங்கள். கைமரத்துக்குக் குறுக்கே ஓடு மாட்ட அடித்திருப்பவை ரீப்பர்கள். அகலமான அறை என்றால் சுவருக்குச் சுவர் ஒரு விட்டம் போட்டு, அதன் நடுவில் குத்துக்கால் நிறுத்தி மோட்டுவளையைத் தாங்கியிருப்பார்கள். எங்கள் வீட்டில் குத்துக்கால் இல்லை. இரண்டு முக்கோணச் சுவர்களின் உச்சியில்தான் வளை உட்கார்ந்திருந்தது.

1. ஏணி வைத்து ஏறிப் பாருங்கள்

கீழே நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் செய்தேன். நடுவில் லேசாகத் தொய்ந்த மாதிரி தெரிந்ததும் "வளை போச்சு" என்று மரம் வாங்கக் கிளம்பிவிட்டேன். ஏறிப் பார்த்தபோது நடு மரம் இரும்பு மாதிரி இருந்தது. போயிருந்தது முனை.

ஒரு டார்ச், ஒரு திருப்புளி, ஒரு நூல்கண்டு போதும். திருப்புளியின் பின்பக்கத்தால் வளையை முழ இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் "ணங்" என்னும், உள்ளே தின்றுபோன மரம் பானையைத் தட்டினதுபோலக் கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடம் போய்விட்டது.

கீழே தரையில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா? அது வண்டு. மரத்தின் மேல் மண் கோடு ஓடுகிறதா? அது கரையான். இரண்டும் வேறு. வண்டு மரத்துக்குள்ளேயே இருந்து தின்னும். கரையான் சுவர் வழியாக ஏறி வந்திருப்பதால், சுவரைக் கவனிக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் புது மரமும் அதற்குத் தீனிதான்.

முக்கியமான இடம் இரண்டு முனைகள். வளை சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பாருங்கள். எங்கள் மேற்கு முனையில் ஒரு கைப்பிடி மண் உதிர்ந்தது. அதற்குள் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி மரம். விரலால் தோண்டினேன், மணிக்கட்டு வரை போனது. நாற்பது வருடமாக அந்தச் சுவர் உச்சியில் மோட்டு ஓட்டின் பூச்சு விரிசல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

தொய்வை அளக்க, வளையின் அடிப்பக்கத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் மரம் நூலைவிட எவ்வளவு கீழே வருகிறது என்று பாருங்கள். 14 அடி நீள அறைக்கு முக்கால் அங்குலம் வரை என்றால் பயப்பட வேண்டாம், பழைய மரம் எல்லாமே கொஞ்சம் இறங்கியிருக்கும். பென்சிலால் அளவையும் தேதியையும் பக்கத்துச் சுவரில் குறித்து வைத்து, ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி அளங்கள். கூடிக்கொண்டே போனால்தான் கவலை.

2. முழுசாக மாற்றத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

முனையில் ஓரடிக்குள் மட்டும் உளுத்திருந்தால், சுவரை ஒட்டி உள்பக்கம் ஒரு தாங்குகல்லோ இரும்புத் தாங்கியோ கொடுத்து நல்ல மரம் தொடங்கும் இடத்தில் ஏந்திக்கொள்ளலாம். நடுவில் ஒரு விரிசல் என்றால் இரண்டு பக்கமும் சட்டம் வைத்து போல்ட் போட்டு இறுக்கலாம். செலவு கால்வாசிகூட ஆகாது. எங்களுக்கு மேற்கு முனை மூன்றடிக்கு மேல் போயிருந்ததால் வேறு வழி இல்லை.

இந்தக் கட்டத்தில் இரண்டு பேர் உங்களைக் குழப்புவார்கள். ஒருவர், "ஓட்டை எல்லாம் பிரிச்சுட்டு ஷீட் போட்டுரலாம் சார், கனமே இருக்காது" என்பவர். கனம் இருக்காதுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு அந்தக் கனம் இல்லாததே வினை. சித்திரை வெயிலில் அந்த அறையில் மத்தியானம் உட்கார முடியாது என்பது தனி. இன்னொருவர், "இரும்பு பைப் போடுங்க" என்பவர். இரும்பு தப்பில்லை. ஆனால் கண் மதிப்பில் பைப் வாங்காதீர்கள், ஒரு சிவில் இன்ஜினியரிடம் அளவு கேட்டு வாங்குங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இரண்டு அங்குல பைப் போட்டு, ஓடு ஏற்றிய மறுநாளே கூரை ஊஞ்சல் மாதிரி தொங்கியது.

எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்கு. எங்கள் அறை 14 அடி நீளம், 12 அடி அகலம். சரிவையும் சேர்த்தால் சுமார் 195 சதுர அடி. சீமை ஓடு சதுர அடிக்கு ஒன்றரை வீதம் 300 ஓடு. ஒன்று இரண்டரைக் கிலோ என்றால் 750 கிலோ. கைமரம், ரீப்பர் சேர்த்து ஒரு டன். அதில் பாதியைச் சுவர்கள் வாங்கிக்கொள்ளும், பாதி வளை மேல். ஆக அரை டன், எப்போதும். மழையில் ஓடு தண்ணீர் குடித்தால் இன்னும் கொஞ்சம். மேலே ஓடு மாற்ற ஏறும் ஆள் தனி.

3. காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள்

சொந்த வீட்டுக்கு மரம் மாற்ற என்ன காகிதம் என்றுதான் நானும் கேட்டேன்.

பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்தில் கட்டணம் இல்லாமல் பார்த்து அச்சிடலாம். தாத்தா பேரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், பங்காளிகளிடம் "இந்த வேலையை நான் செய்கிறேன், இதனால் பங்கு மாறாது" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு சாட்சி போதும். நான் இதைச் செய்யவில்லை. ஓடு இறக்கிய அன்று சித்தப்பா வந்து, "யாரைக் கேட்டுப்பா கூரையைப் பிரிச்சே?" என்றார். கோபம் வளை மேல் இல்லை, கேட்காததன் மேல். வேலை நின்றது. திறந்த கூரைக்குக் கீழே தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடந்தோம்.

வீட்டு வரி நிலுவை இல்லாமல் கட்டி, ரசீதை நகல் எடுங்கள். பிறகு ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஒரு விண்ணப்பம்: சுவரையும் உயரத்தையும் மாற்றவில்லை, பழைய கூரையில் பழுதான மரத்தை மட்டும் மாற்றுகிறேன் என்று. ரசீதும் இப்போதைய கூரையின் போட்டோவும் இணையுங்கள். அவர்கள் வேறு அனுமதி கேட்டால் அப்போதே தெரிந்துவிடும். கேட்காவிட்டாலும், முத்திரை வைத்த நகலைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். பாதி வேலையில் யாராவது மனு போட்டால் அந்த ஒரு தாள்தான் பேசும். கூரையை உயர்த்தப் போகிறீர்கள், சுவரை எடுத்துக் கட்டப் போகிறீர்கள் என்றால் அது பழுது வேலை இல்லை, முறையான கட்டட அனுமதி வேண்டும்.

வரிசை வீடு என்றால் இன்னொன்று. வளையின் முனை பொதுச்சுவருக்குள் போகிறதா என்று பாருங்கள். போனால் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அந்தச் சுவரின் மறுபக்கம் அவருடைய வளையும் உட்கார்ந்திருக்கும்.

மின்வாரிய சர்வீஸ் ஒயர் கூரையிலோ முக்கோணச் சுவரிலோ கட்டியிருந்தால், வேலைக்கு ஒரு வாரம் முன்பே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். லைன்மேனிடம் வாயால் சொன்னது போதாது.

4. சொந்த மரத்தை வெட்டுவதாக இருந்தால் இதைப் படிக்காமல் கோடாலி எடுக்காதீர்கள்

கோட்டூர் பக்கம் மாமா தோட்டத்தில் தேக்கு இருந்தது. "காசு எதுக்கு, வந்து வெட்டிக்க மாப்ளே" என்றார். வெட்டினோம், டெம்போவில் ஏற்றினோம், வழியில் மறித்தார்கள். பத்தொன்பது நாள் அந்தத் தடி வெயிலில் கிடந்தது. தப்பு என் மேல்தான்.

பட்டா நிலத்துத் தேக்காக இருந்தாலும் அதைச் சாலையில் கொண்டுபோக வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். 1968-ம் ஆண்டின் மரம் கொண்டுசெல்லும் விதிகள் இன்னும் நடப்பில் உள்ளன. சிட்டா, அடங்கல், புல வரைபடம், மரம் இந்த நிலத்தில் நின்றதுதான் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, இவற்றோடு வனச்சரகரிடம் விண்ணப்பியுங்கள். வெட்டுவதற்கு முன்பே. அடிக்கட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள், ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் அளப்பார்.

உங்கள் ஊர் மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அப்படியானால் 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், வெட்டவே தனி அனுமதி. சந்தனம், ஈட்டி பக்கம் போகவே வேண்டாம். பனஞ்சட்டம் நினைப்பவர்களுக்கு: பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது.

இன்னொரு சின்னக் கணக்கு. 4×8 அங்குலச் சட்டம் எடுக்க வேண்டுமென்றால் தடியின் நுனிப் பக்கச் சுற்றளவு குறைந்தது 28 அங்குலம் வேண்டும், அதுவும் வைரம், அதாவது உள்ளே முற்றிய மரம் மட்டும். பட்டையும் வெள்ளையும் கழிந்தால் 36 இல்லாமல் வராது. எங்கள் தடி 31. பத்தொன்பது நாள் காத்திருந்து மீட்ட தடியில் இரண்டு ஜன்னல் சட்டம் செய்தேன்.

5. அளவெடுத்து, கன அடியை நீங்களே போடுங்கள்

அறையின் உள்நீளத்தோடு, இரண்டு முனையும் சுவர் மேல் உட்கார ஒவ்வொரு பக்கமும் 9 அங்குலம் கூட்டுங்கள். எங்களுக்கு 15½ அடி. இரண்டு துண்டாகப் போடுவது என்றால், சேரும் இடம் குத்துக்கால் மேலோ சுவர் மேலோதான் வர வேண்டும். நடு வெளியில் ஒட்டுப்போட்ட வளையைப் பட்டைக் கம்பி போட்டு இறுக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அறுத்த மரத்துக்குக் கணக்கு: அகலம் அங்குலத்தில் × தடிமன் அங்குலத்தில் × நீளம் அடியில், வகுத்தல் 144. எங்களுடையது 4 × 8 × 15½ ÷ 144 = 3.44 கன அடி. உருட்டுத் தடிக்கு: சுற்றளவை நாலாக வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 48 அங்குலச் சுற்று, 10 அடித் தடி என்றால் 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி.

கடையில் விழும் குழி மூன்று. 15½ அடியை 16 என்று எழுதுவார்கள். அறுப்பதற்கு முந்தின அளவுக்குக் காசு வாங்கி, இழைத்த பிறகு 3¾ × 7¾ கையில் தருவார்கள். சொன்ன விலைக்கு மேல் ஜிஎஸ்டி தனி என்பார்கள், அதுவும் மரம் வண்டியில் ஏறிய பிறகு. மூன்றையும் முன்கூட்டியே கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்த பில் வழியில் மறித்தால் காட்டவும் உதவும்.

6. மரம்: எது என்பதைவிட எவ்வளவு காய்ந்தது

தேக்கு, வேங்கை, கோங்கு, பலா, இலுப்பை, வேம்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாமே வைரம் பாய்ந்ததாகவும் காய்ந்ததாகவும் இருந்தால் நிற்கும். பச்சை மரம் தேக்கே ஆனாலும் முறுக்கும்.

நான் முதலில் வாங்கியது வேம்பு. கன அடி 1,100 ரூபாய், மலிவு, பூச்சி வராது என்றார்கள். "ஆறு மாசம் காஞ்சது" என்றார் கடைக்காரர். வீட்டுத் திண்ணையில் போட்டு மூன்று வாரத்தில் ஒரு முனை தரையில் பட, மறு முனை இரண்டு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அறுத்த இடத்தைத் தொட்டால் சில்லென்று இருந்ததையும் தூக்கியவர்கள் திணறியதையும் வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பாதி விலைக்கு விற்றேன்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது பழைய மரம். வீடு இடித்த மரங்களை விற்கும் கடைகள் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் நிறைய. காரைக்குடியில் அதற்குத் தெருவே உண்டு. அம்பது வருடம் ஏற்கெனவே ஒரு கூரையில் காய்ந்த வேங்கை, கன அடி 2,600, மொத்தம் ஏறக்குறைய 9,000 ரூபாய். புதுத் தேக்கு அதே நாளில் 4,200 சொன்னார்கள். பழைய மரம் வாங்கும்போது ஆணி ஓட்டைகளையும், பழைய பொருத்து வெட்டுகளையும் பாருங்கள். நடுப்பகுதியின் அடிப்பக்கத்தில் வெட்டு இருந்தால் வேண்டாம். முனைகளில் இருந்தால் அறுத்துத் தள்ளிவிடலாம், அதனால் ஓரடி நீளம் கூடுதலாக வாங்குங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. அறுப்பு மில்லிலேயே அடிமரம் எது, நுனி எது என்று சாக்பீஸால் எழுதி வாங்குங்கள். வளையின் அடி தெற்கிலோ மேற்கிலோ இருக்க வேண்டும், நுனி கிழக்கிலோ வடக்கிலோ. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஆசாரிக்கு இருக்கும். நான்கு பக்கமும் இழைத்த பழைய மரத்தில் அடி நுனி கண்டுபிடிக்க எங்கள் ஆசாரி ஒரு மத்தியானம் முழுக்கக் கணு ஓட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அதுவும் கூலி நாள்தான்.

7. நாள் குறிப்பது

எங்கள் பக்கம் இரண்டு மழையும் உண்டு. வைகாசிக் கடைசியில் தென்மேற்கு தொடங்கினால் ஆவணி வரை நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு. ஆடி, மார்கழியில் வளை ஏற்ற மாட்டார்கள். சித்திரையில் கோடை மழை சொல்லாமல் வரும். மிஞ்சுவது தை முதல் பங்குனி வரை, இரண்டரை மூன்று மாதம். ஊரில் எல்லாருக்கும் அதே மூன்று மாதம்தான், ஆசாரியும் அதே ரெண்டு பேர்தான். ஆகவே கார்த்திகையிலேயே ஆசாரியிடம் முன்பணம் கொடுத்து நாளைப் பிடியுங்கள். கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வேலை தெரிந்த ஆசாரியா என்று கேளுங்கள். கதவு, கட்டில் செய்பவர் அருமையாகச் செய்வார், ஆனால் கூரை வேறு கை. அவர் கடைசியாக ஏற்றிய வளை எந்த வீட்டில் என்று கேட்டுப் போய்ப் பாருங்கள்.

8. ஓடு இறக்குவதும் முட்டுக் கொடுப்பதும்

உயிர் போகிற தப்பு நடக்கும் இடம் இதுதான்.

வளைதான் இரண்டு பக்கக் கைமரங்களையும் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதை எடுத்ததும் கைமரங்கள் கீழே இறங்கப் பார்க்கும், இறங்கும்போது சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். மண் சுவர் என்றால் ஒரே தள்ளு போதும். எங்கள் ஆசாரி, பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், ஏறுவதற்கு முன் அவர் ஊர்ப் பழமொழியைச் சொன்னார்: மோந்தாயம் வளைஞ்ஞால் அறுபத்திநாலும் வளையும். அறுபத்து நாலு கழுக்கோலும், அதாவது கைமரமும், அந்த ஒன்றை நம்பித்தான்.

ஆகவே வரிசை இது. முதலில் கைமரம் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி போட்டோ எடுங்கள், வடக்கு 1, தெற்கு 1 என்று. பிறகு மோட்டு ஓட்டிலிருந்து தொடங்கி, இரண்டு சரிவிலும் சம அளவாக, வரிசை வரிசையாக இறக்குங்கள். ஒரு பக்கம் முழுசாக இறக்கிவிட்டு மறு பக்கம் போகவே கூடாது. ஓடு முழுக்க இறங்கியதும், எதிரெதிர்க் கைமரங்களைப் பாதி உயரத்தில் குறுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துப் பிணையுங்கள். அப்புறம் கைமரங்களின் கீழே, வளைக்கு ஓரடி தள்ளி இரண்டு பக்கமும் நீளச் சட்டம் கொடுத்து, இரும்பு ஜாக்கி முட்டுகளால் தாங்குங்கள். எங்கள் அறைக்குப் பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு முட்டு வாடகைக்கு எடுத்தோம். முட்டின் கீழே தரையில் பலகை போடுங்கள், சாணி மெழுகின தரையில் அப்படியே வைத்தால் இறங்கிவிடும்.

இறக்கும் ஓட்டைச் சுவரோரமாக நிறுத்தி அடுக்குங்கள், படுக்கவைத்துக் குவிக்காதீர்கள். பத்தில் ஒன்று உடையும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். தார்ப்பாய் கூரையைவிட எல்லாப் பக்கமும் நாலடி பெரியதாக இருக்கட்டும். ராத்திரி ராத்திரி கட்டிவிட்டுத்தான் ஆட்கள் போக வேண்டும், வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும்.

9. பழையது இறங்கி, புதியது ஏறும் நாள்

பழைய வளையை இறக்கியபோது அதன் நடுவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. புகையில் கறுத்து, மரத்தோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் ஒரு காலணா. அப்பத்தா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்காலம் புது வளைக்கு மஞ்சள் துணி கட்டும்போது, எங்கே அந்தக் காசு என்று யாரும் தேடவில்லை, அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

செலவுக் கணக்கில் இதையும் சேருங்கள்: ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கோடு தட்சிணை, ஆட்களுக்குச் சாப்பாடு. எங்களுக்கு 3,000 ஆனது. முன்கூட்டி வைத்துக்கொண்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

வளை 80 கிலோ அளவுக்கு வந்தது. கீழே நாலு பேர், மேலே இரண்டு பேர், இரண்டு வடம். ஏற்றும்போது ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே கண்ணால் பாருங்கள்: 8 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் கைமரம் உட்கார வசதியாக இருக்கிறது என்று சிலர் படுக்க வைத்துவிடுவார்கள். அதே மரம், நிறுத்தினால் படுத்ததைவிட இரு மடங்கு பாரம் தாங்கும், நாலில் ஒரு பங்குதான் தொய்யும்.

10. சுவருக்குள் போகும் முனை

பழைய வளை செத்தது இங்கேதான் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சுவர் உச்சியில் மண்ணையோ உடைந்த செங்கல்லையோ எடுத்துவிட்டு ஒரு தட்டைக் கருங்கல் பதியுங்கள். வளை அதன் மேல் உட்காரட்டும். அறுத்த முனைக்கு முந்திரிக்கொட்டையின் மேலோட்டில் எடுக்கும் எண்ணெய் இரண்டு பூச்சு, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அது தோலில் பட்டால் புண்ணாக்கும், கையுறை போடுங்கள். முனைக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் சும்மா விடுங்கள், காற்றுப் போகட்டும். மேஸ்திரிக்கு அந்த இடைவெளி கண்ணை உறுத்தும். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் சிமெண்ட் கலவையை அடைத்து வழவழவென்று பூசி வைத்திருப்பார். எனக்கு அப்படித்தான் ஆனது, ஈரம் காயும் முன் கொத்தி எடுக்க வைத்தேன். சிமெண்ட் உறிஞ்சும் ஈரத்தை மரம் குடித்துக்கொண்டே இருக்கும். கரையான் தடம் இருந்த சுவர் என்றால், முனையை வைப்பதற்கு முன்பே கரையான் மருந்து அடிப்பவரை அழைத்துவிடுங்கள்.

11. மறுபடி ஓடு வேய்வது

முனை மாற்ற இறக்கிய கைமரங்கள் எழுதிய எண்படி ஏறட்டும். உளுத்த ரீப்பரை இப்போதே மாற்றுங்கள், ரெண்டாம் தடவை ஓடு பிரிக்க யாராலும் முடியாது. குறையும் ஓட்டுக்கு, பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓடு பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அச்சு வேறு, கொக்கியும் பள்ளமும் பொருந்தாது. பொருந்தாத ஓட்டைக் கலந்தால் ஒழுகும். இடித்த வீட்டு ஓடு விற்கும் இடங்களில் அதே முத்திரை கிடைக்கும், ஓட்டின் அடிப்பக்கத்தில் பெயர் பதிந்திருக்கும். இரண்டு சரிவிலும் சமமாக ஏற்ற வேண்டும் என்பது இங்கேயும் உண்டு. மோட்டு ஓட்டின் அடிப்பூச்சு விரியாமல் நன்றாக இறுக இரண்டு நாளாவது தண்ணீர் தெளியுங்கள். அந்தப் பூச்சு விரிந்துதான் எங்கள் பழைய வளை போனது.

12. மொத்தம் எவ்வளவு ஆனது

எங்கள் ஊர்க் கூலியில், ஒரு அறைக்கு, நான் கொடுத்தது. வளை மரம் 9,000. அறுத்து இழைக்க 900. வண்டி 1,800. ஆசாரி இரண்டு பேர் நாலு நாள், 1,400 வீதம் 11,200. உதவிக்கு நாலு பேர் நாலு நாள், 800 வீதம் 12,800. மேஸ்திரி இரண்டு நாள் 2,200. முட்டு வாடகை 1,600. தார்ப்பாய் 2,400. ஒயர்மேன் 1,500. ஓடு 70, ஒன்று 40 வீதம் 2,800. ரீப்பர் 3,600. ஆறு கைமரத்துக்கு முனை மாற்ற 4,200. சடங்கு 3,000. கூட்டினால் 57,000.

மரத்தின் விலை இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நான் முதல் இரண்டு மாதம் அலைந்தது எல்லாம் அந்த ஆறில் ஒரு பங்கில் ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்க. வேம்பில் போனதையும் தேக்குத் தடியில் போனதையும் மேலே சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டில் படிப்பார்கள்.

கையில் பத்தாயிரம் கூடுதலாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஓடு இறங்கிய பிறகுதான் கைமரங்களின் தலை எப்படி இருக்கிறது என்று தெரியும்.

13. முதல் மழைக்குப் பிறகு

முதல் பெரிய மழை பெய்த மறுநாள் காலை டார்ச்சோடு ஏறி இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கே மோட்டு ஓட்டுப் பூச்சைப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி நூலைக் கட்டி அளங்கள். புது பாரத்துக்கு மரம் கொஞ்சம் உட்காரும். எங்களுடையது கால் அங்குலத்துக்கும் கம்மி. பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், சுவரில், தேதியோடு, வெள்ளை அடிக்கிறவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி.